கறுத்த நகங்கள்: ஒரு ஜோடிப் பாதமும் மூன்று ஜோடி ஷூவும்

காலுறையைக் கழற்றியதும் அக்கா முதலில் வலது காலைத்தான் நீட்டினார். கட்டைவிரல் நகத்தின் அடிப்பாதி மை கொட்டியது போலக் கறுத்திருந்தது. இடது காலில் கட்டைவிரல் பிழைத்துக்கொண்டது. அதற்கு அடுத்த விரலின் நகம் கறுத்து, ஓரம் பெயர்ந்து, தொட்டால் ஆடியது. "இது விழும், அது தெரியும். ஒன்று முளைப்பதற்குள் இன்னொன்று கறுக்கிறதே தம்பி, அதைத்தான் தாங்க முடியவில்லை" என்றார்.

அவருக்கு வயது 43. ஆறு ஆண்டுகளாகத் தார்ச்சாலையில் ஓடுகிறவர். 21 கிலோமீட்டர் ஓட்டங்கள் பலவற்றை முடித்தவர். அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு நகம்கூடப் போனதில்லை. எட்டு மாதங்களுக்கு முன் மலைப்பாதை ஓட்டத்தில் ஆசை வந்து, வாரத்தில் இரண்டு நாள் மலைக்குப் போகத் தொடங்கினார். அடுத்த ஆறு மாதத்தில் 30 கிலோமீட்டர் தூரமும் 1,100 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். நகத்தோடு இன்னும் இரண்டு புகார்கள் இருந்தன. இரண்டு குதிகாலின் பின்பக்கமும் கொப்புளம். வலது கணுக்கால் இரண்டு மாதத்தில் நான்கு முறை வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. இரண்டு முறை வீங்கவும் செய்தது. மருத்துவரிடம் காட்டியாயிற்று. எலும்பு முறிவு இல்லை, தசைநார்ப் பிசகுதான் என்று சொல்லி, ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சிகளை அவர் கொடுத்திருந்தார்.

மூன்றுக்கும் காரணம் அக்காவுக்குத் தெரிந்தேயிருந்தது. "எனக்குத் தட்டைப் பாதம்" என்றார், தீர்ப்பு வாசிப்பது போல. ஷூ வாங்கிய கடையில் ஈரக் காலால் மிதிக்கச் சொல்லி, அச்சைப் பார்த்து, அதற்கேற்ற ஷூவைத் தந்திருக்கிறார்கள்.

நான் மருத்துவன் அல்லன். நான்கு ஆண்டுகள் ஷூக் கடையின் விற்பனை மேசைக்குப் பின்னால் நின்றவன், அவ்வளவுதான். ஈர அச்சைப் பார்த்து ஷூ விற்ற பாவத்தை நானும் செய்திருக்கிறேன். அதனால் அக்கா "தட்டைப் பாதம்" என்றதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பழைய ஷூவைப் பிரித்துப் பார்த்தபோது

முதலில் பாதத்தைப் பார்க்காமல் ஷூவைப் பார்த்தோம். 420 கிலோமீட்டர் ஓடியது. சாலை ஓட்டத்துக்கென்று வந்த ஒரு ஷூவின் மலைப்பாதைப் பதிப்பு அது. மேல்பாகம் அதேதான், அடியில் மட்டும் 3.5 மில்லிமீட்டர் பற்கள் வைத்திருந்தார்கள். குதிகாலுக்கு அடியில் 36 மில்லிமீட்டர் தடிமன், முன்பாதத்தில் 26. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள 10 மில்லிமீட்டரைத்தான் ஓட்டக்காரர்கள் டிராப் என்கிறார்கள். பாதம் உள்பக்கம் சாயாமல் இருப்பதற்காக நடுவளைவுக்கு அடியில் கடினமான நுரை. தண்ணீர் புகாத உள்சவ்வு வேறு.

பலர் ஷூவைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பாகத் தேய்மானத்தை வைத்து ஜோசியம் சொல்வார்கள். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் இன்ன பாதம், உள் ஓரம் தேய்ந்திருந்தால் இன்ன பாதம் என்று. குதிகால் முதலில் தரையைத் தொடும்படி ஓடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வெளி ஓரம்தான் தேயும். அக்காவுக்கும் அப்படித்தான் தேய்ந்திருந்தது. அதில் செய்தி ஒன்றும் இல்லை.

செய்தி உள்ளே இருந்தது. இன்சோல் எனப்படும் உள் அட்டையை உருவி வெளியே எடுத்தோம். எட்டு மாத வியர்வையும் தூசியும் சேர்ந்து, ஒவ்வொரு விரலும் அதில் தன் கறுப்பு முத்திரையைப் பதித்திருந்தது. நிலையாக இருக்கும் பாதத்தில் கட்டைவிரலின் தடம் வட்டமாக இருக்கும். இதில் அது இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு முன்னோக்கி இழுத்த கோடாக இருந்தது, பலகையில் ஈரத்துணியை இழுத்த தடம் போல. குதிகால் கிண்ணத்தின் உள்துணி இரண்டு பக்கமும் தேய்ந்து, அடியிலிருந்த கடினப் பட்டை எட்டிப் பார்த்தது. ஷூ மடங்கும் இடத்தில் மேல்துணியில் விழுந்திருந்த மடிப்பும், அட்டையில் பதிந்த கட்டைவிரல் மூட்டின் குழியும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. மடிப்பு ஒரு விரல் அகலம் முன்னால் தள்ளியிருந்தது. லேஸ் கோக்கும் கடைசித் துளையில் லேஸ் ஒருமுறைகூடப் பட்ட அடையாளம் இல்லை.

"ஏன் இவ்வளவு தளர்வாகக் கட்டுகிறீர்கள் அக்கா?"

"இறுக்கினால் முன்னால் கடிக்கிறது."

"அளவு சரியாகத்தான் வாங்கினீர்களா?"

"என் அளவில் விரல்களை நெருக்கியது. கடைக்காரர் ஒரு அளவு பெரிதாகக் கொடுத்தார்."

வழக்கின் முடிச்சு அங்கேயே பாதி அவிழ்ந்துவிட்டது. ஆனால் தட்டைப் பாதம் என்ற தீர்ப்பை அப்படியே விட்டுவிட்டு மேலே போக அக்கா ஒப்பவில்லை.

ஈர அச்சு சொல்வதும் சொல்லாததும்

ஈரக் காலை உலர்ந்த தரையில் வைத்தால், வளைவு உயர்ந்த பாதத்தில் குதிகாலும் முன்பாதமும் தனித்தனித் தீவாகப் பதியும்; தாழ்ந்த வளைவில் நடுப்பகுதி முழுவதும் பதியும். அக்காவின் அச்சு ஏறக்குறைய முழுதாகப் பதிந்தது. ஆக, கடைக்காரர் கண்டது பொய்யில்லை. அதிலிருந்து ஷூவுக்குத் தாவியதுதான் பிசகு.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். தரையில் ஊன்றும்போது அது கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்து, வளைவு தணிந்து, அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. உந்தி எழும்போது மீண்டும் இறுகி நெம்புகோலாகிறது. இந்த உள்சாய்வு நோயல்ல, பாதத்தின் வேலை. நின்ற நிலையில் எடுத்த அச்சு இந்த அசைவில் எதையும் காட்டாது. அதனால் அக்காவைக் குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நிற்கச் சொன்னேன். நின்றார், தட்டையாகக் கிடந்த பாதத்தில் அழகாக ஒரு வளைவு எழுந்தது, குதிகால் எலும்பும் உள்பக்கம் திரும்பியது. உட்காரவைத்துப் பார்த்தபோதும் வளைவு இருந்தது. இது நெகிழும் தட்டைப் பாதம். விரல் நுனியில் நின்றும் வளைவு எழாமல், பாதம் விறைத்து, வலியும் இருந்தால் ஷூக் கடைக்குப் போகக் கூடாது. எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். அக்காவுக்கு வளைவில் வலியே கிடையாது. ஆறு ஆண்டுகள் சாலையில் ஓடியதும் இதே பாதத்தால்தான்.

"அப்படியானால் அந்தப் பரிசோதனை எல்லாம் சும்மாவா?" என்று கேட்டார்.

கொஞ்சம் ஆய்வுகளைச் சொன்னேன். அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்குப் பாத அச்சைப் பார்த்து மூன்று வகை ஷூக்களில் பொருத்தமானது தரப்பட்டது. மற்றப் பிரிவுக்கு அச்சு எப்படி இருந்தாலும் ஒரே வகை. 2009, 2010 ஆண்டுகளில் வெளியான முடிவுகளின்படி, அச்சைப் பார்த்துக் கொடுத்ததால் காயங்கள் குறையவில்லை. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு, உள்சாய்வைத் தடுக்கும் திருத்தம் ஏதும் இல்லாத ஒரே சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். உள்சாய்வு மிதமாக இருந்த பாதங்கள் மற்றவற்றைவிட அதிகம் அடிபடவில்லை.

எதிர்த் தரப்புக்கும் சான்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. லக்சம்பர்க்கில் 372 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், உள்பக்கத் திருத்தம் உள்ள ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் குறைந்தது. அந்த நன்மை உள்சாய்வு கூடிய பாதங்களிடம்தான் தெரிந்தது. ஆகவே திருத்த ஷூ வீண் என்று நான் சொல்லவில்லை. உள்சாய்வால் வரும் தொல்லை இருக்கிறவருக்கு அது உதவலாம். அக்காவின் தொல்லைகள் மூன்றில் ஒன்றுகூட அந்தச் சாய்விலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. கணுக்கால் மடங்கியதே வெளிப்பக்கமாக!

காகிதமும் பென்சிலும்

ஞாயிறு மாலை, 14 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த கையோடு அளந்தோம். பாதம் நாள் போகப் போகவும், ஓடும்போதும் கொஞ்சம் பெருக்கும்; காலையில் அளந்து வாங்கிய ஷூ மாலையில் கடிக்கும். ஓடும்போது போடும் அதே காலுறை. சுவரோடு குதிகாலை ஒட்டி, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நிற்க வேண்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிவர வரைய வேண்டும். சாய்த்துப் பிடித்தால் நான்கைந்து மில்லிமீட்டர் களவு போய்விடும். இதை இரண்டு காலுக்கும் செய்ய வேண்டும்.

வலது பாதம் 242 மில்லிமீட்டர், கட்டைவிரல்தான் நீளம். இடது பாதம் 245. அதில் இரண்டாம் விரல் கட்டைவிரலைவிட நீண்டிருந்தது. அக்கா காகிதத்தையும் தன் நகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வலதில் கறுத்தது கட்டைவிரல், இடதில் கறுத்தது இரண்டாம் விரல். எந்த விரல் முன்னால் நிற்கிறதோ அதுதான் அடிவாங்கியிருக்கிறது. 43 ஆண்டுகள் தன் காலோடு இருந்தும் இதைக் கவனிக்கவில்லையே என்று சிரித்தார்.

முன்பாதத்தின் அகலம் 99 மில்லிமீட்டர். அவருடைய நீளத்துக்கு அது நல்ல அகலம். குதிகால் 58தான், ஒடுங்கியது. விசிறி போல விரிந்த பாதம். கடைகளில் இன்றும் காணப்படும் பிரானக் அளவுகோல் 1920களில் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் பிறந்தது. அது மொத்த நீளத்தோடு, குதிகாலிலிருந்து கட்டைவிரல் மூட்டு வரையுள்ள நீளத்தையும், அகலத்தையும் அளக்கும். மூன்று அளவு தரும் கருவியில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் பெட்டியை எடுக்கப் போவதுதான் விற்பனையாளர் வழக்கம். நானும் அதில் அடக்கம்.

பழைய ஷூவின் உள் அட்டையைக் காகிதத்தின் மேல் வைத்தோம். நீளம் 266 மில்லிமீட்டர். இடது காலுக்கே 21 மில்லிமீட்டர் மிச்சம். அகலத்தில் கதை வேறு: முன்பாதத்தில் பென்சில் கோடு இரண்டு பக்கமும் அட்டைக்கு வெளியே வழிந்தது. மேல்துணி கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்பதால் ஓரிரு மில்லிமீட்டர் வழிவதை மன்னிக்கலாம். இது மன்னிக்கும் அளவில் இல்லை.

அகலம் போதாதவருக்கு ஒரு அளவு பெரிதாகக் கொடுப்பது எல்லாக் கடைகளிலும் நடப்பதுதான். பிரிட்டன், அமெரிக்க அளவுமுறைகளில் ஒரு முழு அளவு என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர் நீளம். அதோடு கூடும் அகலம் இரண்டு மில்லிமீட்டர் போலத்தான். இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்காக எட்டரை மில்லிமீட்டர் நீளத்தையும் சேர்த்து அக்கா சுமந்திருக்கிறார். அந்த நீளத்தோடு ஷூ மடங்கும் இடமும் அவருடைய விரல் மூட்டுக்கு முன்னால் போய்விட்டது.

இறக்கத்தில் நடந்தது

முன்னால் 21 மில்லிமீட்டர் காலியாகக் கிடக்கும்போது நகம் எப்படி இடிக்கும்? அக்கா கேட்ட இந்தக் கேள்விதான் இந்த வழக்கிலேயே நல்ல கேள்வி.

சமதரையில் இடிக்காது. அதனால்தான் கடையில் போட்டு நடந்து பார்த்தபோது எல்லாம் சுகமாக இருந்திருக்கிறது. இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். ஷூ தரையைக் கவ்வி நிற்கிறது, உள்ளே பாதம் முன்னோக்கிப் போகப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது புறங்காலின் மேல் லேஸ் போடும் பிடிதான். ஷூவின் முனைக்கு அந்த வேலை இல்லை. அக்காவின் லேஸ் தளர்வு. ஏனென்றால் இறுக்கினால் அகலமான முன்பாதம் கடிபடும். பாதம் வழுக்கிப் போகிறது. ஷூவின் முன்பகுதி முனை வரை ஒரே உயரமாக இருப்பதில்லை. ஒடுங்கிக்கொண்டும் தாழ்ந்துகொண்டும் போகிறது. விரல் முனையைத் தொடுவதற்கு வெகு முன்னாலேயே, தாழும் கூரையில் நகம் முட்டுகிறது. ஒரு இறக்கத்தில் ஆயிரக்கணக்கான முட்டு. நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுக்கிறது.

குதிகால் கொப்புளத்துக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒடுங்கிய குதிகால் அகன்ற கிண்ணத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. தேய்ந்துபோன உள்துணியே சாட்சி.

கணுக்கால் விஷயத்தில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. 36 மில்லிமீட்டர் உயரத்தில், தளர்வான பிடியில் பாதம் நிற்கிறது. கல் ஒன்றின் விளிம்பில் ஷூ சாயும்போது, உயரம் கூடக் கூட மடக்கும் விசையும் கூடும். உள்பக்கம் கடினமாகவும் வெளிப்பக்கம் மென்மையாகவும் இருக்கும் நுரை, சாய்ந்த பாதையில் பாதத்தை மேலும் வெளியே தள்ளியிருக்கலாம் என்பது என் ஊகம். தார்ச்சாலையில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழும். அங்கே திருத்தத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. மலைப்பாதையில் அடிக்கு அடி தரையே வேறு கோணத்தில் சாய்கிறது.

இரண்டாவது ஜோடி: என் தவறு

முன்பாதம் விசிறி போல அகலம், திருத்தம் தேவையில்லை, உயரம் குறைவாக வேண்டும். இவ்வளவையும் எழுதிப் பார்த்தபோது விடை தானாக வந்து நின்றது: விரல் பகுதி பாத வடிவத்திலேயே விரிந்திருக்கும் ஷூ. அந்த வகை பெரும்பாலும் டிராப் இல்லாமல், குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வரும். 25 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்றைத் தேர்ந்தோம். அக்கா போட்டுப் பார்த்து, விரல்களை விரித்து, "காலுக்குக் கதவு திறந்துவிட்டது போல இருக்கிறது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினெட்டாம் நாள் காலை, படுக்கையை விட்டு இறங்கிய முதல் நான்கு அடியை அவரால் வைக்க முடியவில்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் வலது காலில் பிடித்துக்கொண்டது, கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது.

டிராப் குறையும்போது குதிகால் கீழே போகிறது. கெண்டைக்கால் தசையும் குதிநாணும் அந்த அளவுக்குக் கூடுதலாக நீண்டு உழைக்க வேண்டும். ஏற்றத்தில் ஓடுவதே குதிநாணுக்குப் பாரம். ஆண்டுக்கணக்கில் 10 மில்லிமீட்டரில் ஓடிய காலை ஒரே தாவலில் பூஜ்யத்துக்கு இறக்கி, அதை மலையிலும் ஏற்றியிருக்கிறேன். "இரண்டு வாரம் கொஞ்சம் பார்த்து ஓடுங்கள்" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பார்த்து ஓடுவது என்றால் என்ன? எத்தனை கிலோமீட்டர், எந்தத் தரை, வாரத்தில் எத்தனை நாள் என்று எதுவும் சொல்லாமல் விட்ட சொல் அது.

ஒன்பது நாள் ஓட்டம் நின்றது. ஷூவைக் குறை சொல்ல முடியாது. பூஜ்ய டிராப்பில் மகிழ்ச்சியாக ஓடுகிறவர்கள் ஏராளம். அகலத்தைத் தேடிப் போன நான் கூடவே வந்த மற்ற மாற்றத்தைக் கவனிக்கவில்லை. ஒரு ஷூவில் எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் வருகிறது. பழைய ஷூவுக்கும் புதியதற்கும் இடையில் எத்தனை விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

தரையைப் பார்க்கப் போனோம்

அந்த ஒன்பது நாளில் ஒருநாள், அவர் ஓடும் பாதையை இருவருமாக நடந்தே சுற்றி வந்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. "மலைப்பாதை" என்று அவர் சொன்னபோது என் மனத்தில் வந்தது சேறு, பார்த்தது வேறு. பாதிக்கு மேல் இறுகிய மண். செங்குத்தான இரண்டு இறக்கங்களில் கெட்டித் தரைமேல் உதிரிச் சரளை, மணி உருட்டிவிட்டது போல. நடுவில் வழுவழுப்பான பாறைப் பலகைகள், ஓர் ஓடை, மர வேர்கள். அடிவாரத்தில் ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலை.

சேற்றுக்கு ஆறு, ஏழு மில்லிமீட்டர் பற்கள் இடைவெளி விட்டு வேண்டும். நெருங்கிய பற்களில் சேறு அப்பிக்கொண்டு அடிப்பாகம் பணியாரத் தட்டு நிரம்பியது போல மொழுக்கென்றாகிவிடும். அதே நீண்ட பற்கள் பாறையில் எதிரி: தரையைத் தொடும் பரப்பு குறைகிறது, பல் வளைகிறது, கால் தள்ளாடுகிறது. பாறையில் பிடி தருவது பல்லைவிட ரப்பர். மென்மையான ரப்பர் ஈரப்பாறையைக் கவ்வும், ஆனால் தார்ச்சாலையில் சீக்கிரம் கரையும். ரப்பர் பல் மலைக்கு வந்ததே ஒரு விபத்தை ஒட்டித்தான். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் தோழர்கள் ஆறு பேரை இழந்த விட்டாலே பிரமானி, கால்பிடியைப் பற்றியே யோசித்து, 1937இல் பல் வைத்த ரப்பர் அடிப்பாகத்துக்குக் காப்புரிமை பெற்றார். விப்ரம் என்ற பெயர் அவருடைய பெயரின் சுருக்கம். அன்றுமுதல் இந்தப் பேரம் மாறவில்லை: பிடி கூடினால் தேய்மானம் கூடும்.

ஓடையைக் கடந்தபோது இன்னொன்றும் புரிந்தது. தண்ணீர் கணுக்கால் மட்டத்துக்கு மேல் இருந்தது. தண்ணீர் புகாத சவ்வு, பனியிலும் நனைந்த புல்லிலும் உதவும். மேல்வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால், வெளியே விடாமல் காக்கும் வேலையையும் அதே விசுவாசத்தோடு செய்யும். அக்கா எட்டு மாதமாக ஓடைக்குப் பின் இரண்டு வாளிகளோடு ஓடியிருக்கிறார்.

மூன்றாவது ஜோடி

எழுதி வைத்துக்கொண்டது இவ்வளவு. அகலப் பதிப்பு, ஆனால் ஒடுங்கிய குதிகால் கிண்ணம். பழையதைவிட அரை அளவு சிறியது. நீண்ட விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் ஒன்றின் அகலம் இடம். டிராப் ஐந்திலிருந்து எட்டுக்குள். குதிகால் உயரம் 30க்குக் கீழ். பற்கள் நான்கு, நாலரை. கூரான கல் குத்தாமல் முன்பாதத்தில் மெல்லிய தகடு. சவ்வு வேண்டாம். லேஸுக்கு அடியிலுள்ள நாக்கின் இரண்டு பக்கமும் துணியால் தைத்து மூடியிருக்க வேண்டும், சரளை உள்ளே போகாமல்.

பெண்களுக்கான ஷூக்களில் சாதாரண அகலத்துக்கு பி என்றும், அகலப் பதிப்புக்கு டி என்றும் குறிப்பார்கள். ஆண்களுக்கு டி என்பதே சாதாரணம். எல்லா மாதிரிகளும் இரண்டு அகலத்தில் வருவதில்லை என்பதால், தேடலில் பாதிக்கு மேல் அங்கேயே கழிந்துபோயிற்று. மிச்சம் நின்றது மூன்று.

மாலையில் போய், அவருடைய காலுறையோடு, வரைந்த காகிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தோம். ஒவ்வொன்றிலும் முதலில் உள் அட்டையை உருவிக் காகிதத்தில் வைத்தோம். பிறகு லேஸ் கட்டி, படியில் இறங்கச் சொன்னேன். ஏறுவது முக்கியமில்லை, இறங்குவதுதான். பிறகு ஷூவின் முனையால் தரையை மூன்று முறை தட்டச் சொன்னேன். மூன்றாவது தட்டில் நகம் எதையாவது தொட்டால் அந்த ஷூவை வைத்துவிடலாம்.

எண்களின்படி முதலிடம் பிடித்த ஷூவை அக்கா ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டார். புறங்காலில் ஒரு தையல் கடிக்கிறது என்றார். விற்பனையாளர், "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார். தோல் ஷூ காலத்தில் அது உண்மை, தோல் இளகும். இன்றைய வலைத்துணியும் ஒட்டிய பட்டையும் பழகுவதில்லை, நம் தோல்தான் காய்த்துப் பழகும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஓட்டத்தை ஆராய்ந்த பென்னோ நிக் 2015இல் எழுதியதும் இதன் பக்கம்தான்: உடல் தனக்கு உகந்த அசைவை விட்டு விலகப் பார்ப்பதில்லை, சுகமாக இருப்பதைத் தேர்வது அதன் இயல்பான வடிகட்டி. கடையில் ஐந்து நிமிடம் தோன்றும் சுகத்தை நான் முழுதும் நம்புவதில்லை, பழைய ஷூவும் அப்படிச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கடையிலேயே கடிப்பதை மறுபேச்சில்லாமல் நம்புகிறேன்.

எடுத்தது இரண்டாவதை: டிராப் 6, குதிகால் உயரம் 28, பற்கள் நாலரை. கட்டும் முறையை மாற்றினோம். அகலமான மூட்டுக்கு மேலே வரும் இடத்தில் லேஸைக் குறுக்கே போடாமல், இரண்டு பக்கமும் நேராக மேலே ஏற்றிவிட்டோம். அந்த இடம் ஜன்னல் போலத் திறந்து, கடிப்பது நின்றது. மேலே போனதும் கடைசித் துளையில் லேஸை வெளியிலிருந்து உள்ளே விட்டுச் சிறு காது விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்தக் காதுக்குள் நுழைத்து, கீழ்நோக்கிப் பின்னால் இழுத்துக் கட்டினோம். குதிகால் கிண்ணத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கடையின் சரிவுப் பலகையில் இறங்கிப் பார்த்த அக்கா, நின்று, மறுபடி ஏறி, மறுபடி இறங்கினார். "விரல் முன்னால் போகவில்லை" என்றார். எட்டு மாதமாக எந்த வேலையும் இல்லாமல் கிடந்த அந்தக் கடைசித் துளையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். பழைய ஷூவிலேயே இதைச் செய்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கலாம்.

இந்த முறை "பார்த்து ஓடுங்கள்" என்று சொல்லவில்லை. முதல் வாரம் ஒரே ஒரு நாள், நான்கு கிலோமீட்டர், சமதரை. இரண்டாம் வாரம் இரண்டு நாள். மூன்றாவது வாரத்தில்தான் ஏற்றம். ஐந்தாவது வாரம் முடியும்வரை நீண்ட ஓட்டம் பழைய ஷூவில், புதிய கட்டோடு. பூஜ்ய டிராப் ஜோடியையும் தூக்கிப் போடவில்லை. வாரத்தில் ஒருநாள் இருபது நிமிடம் சமதரையில் மெதுவாக ஓட வைத்துக்கொண்டார். ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்குக் காயம் குறைவு என்று லக்சம்பர்க்கிலிருந்தே ஓர் ஆய்வு உண்டு.

பிறகு

பதினான்கு வாரம் கவனித்தோம். புதிதாக ஒரு நகமும் கறுக்கவில்லை. குதிகால் கொப்புளம் மூன்றாம் வாரத்தோடு காணாமல் போனது. போட்டியை முடித்தார், 26ஆவது கிலோமீட்டரில், களைத்துக் காலைத் தூக்க மறந்த நேரத்தில், வலது கணுக்கால் ஒருமுறை மடங்கியது, வீங்கவில்லை. இந்த முன்னேற்றத்தை ஷூவின் கணக்கில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பதினான்கு வாரமும் அவர் பல் துலக்கும்போதெல்லாம் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். லேஸ், அகலம், உயரம், பயிற்சி நான்கும் சேர்ந்தே மாறின. எது எவ்வளவு உதவியது என்று ஒருவரை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. நகத்தையும் குதிகாலையும் மட்டும் பொருத்தத்தின் கணக்கில் தயங்காமல் எழுதுவேன்.

தீராதது ஒன்று இருக்கிறது. ஓடையில் நனைந்த பின் இடது சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் கொப்புளம் வருகிறது. விரல் விரலாகப் பிரித்த காலுறை போட்டுப் பார்த்தார், குறைந்தது, நிற்கவில்லை.

கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போலத்தான் வளரும். வலது கட்டைவிரலின் கறுப்பு மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து, இப்போது நுனியில் பிறைக்கீற்றாக நிற்கிறது. போன வாரம் அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கூடவே இன்னொரு படமும் இருந்தது. மூன்றாவது ஜோடி 650 கிலோமீட்டர் தாண்டிவிட்டது, பற்கள் மொட்டையாகிவிட்டன. அதே பெயரில் புதிய பதிப்பை வாங்கி, உள் அட்டையை உருவிப் பழைய காகிதத்தின் மேல் வைத்திருந்தார். முன்பாதத்தில் மூன்று மில்லிமீட்டர் குறைவு. "பெயர் அதேதான் தம்பி, கால் வேறு யாருடையதோ. திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு மாலை வருகிறேன்" என்று எழுதியிருந்தார்.